இந்த சனிக்கிழமை எந்த பீச்? பிரிட்டன்ல சர்ஃபிங் போறதுக்கு இடமும் நேரமும் பாக்குறது எப்படி

"அண்ணா, சர்ஃபிங் ட்ரை பண்ணலாம்னு இருக்கோம், எந்த பீச் நல்லாருக்கும்?" மே மாசம் பொறந்து ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும், யாராச்சும் ஒருத்தர் இத கேட்டுருவாங்க. நான் உடனே "என்னைக்குப் போறீங்க, எத்தன மணிக்கு?"ன்னு திருப்பி கேப்பேன். ஒரு தடவ ஆபீஸ்ல ஒரு பையன் சிரிச்சிட்டான், "என்னண்ணா ராகு காலம் பாக்குற மாதிரி கேக்குறீங்க"ன்னு. கிட்டத்தட்ட அப்படித்தாம்ப்பா, அமாவாசை பௌர்ணமி கூட பாக்கணும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

விஷயம் என்னன்னா, நல்ல பீச்னு தனியா ஒண்ணு கிடையாது. காலையில ஒன்பது மணிக்கு வரிசையா அழகா அலை வந்துட்டு இருந்த அதே இடம் மத்தியானம் ரெண்டு மணிக்கு வாஷிங் மெஷின் உள்ள பாத்த மாதிரி ஆயிரும். அதனால முதல்ல ஸ்வெல் (தூரத்துப் புயல்லருந்து கெளம்பி வர்ற அலை), காத்து, டைட் (கடல் ஏற்ற இறக்கம்) இந்த மூணையும் பாக்கணும், அப்புறம்தான் பீச். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, ஏர்பிஎன்பி புக் பண்ணிட்டு அப்புறம் அலைய தேடுறாங்க. நான் பிரிஸ்டல்ல இருக்கேன், இன்னும் எட்டடி ஃபோம் போர்டுலதான் சுத்திட்டு இருக்கேன், பெரிய ஆளெல்லாம் இல்ல. ஆனா தப்பான நாள்ல தப்பான எடத்துல போய் நின்ன அனுபவம் மட்டும் நிறைய இருக்கு.

முதல்ல ஸ்வெல். நீங்க கார்ன்வால்ல (இங்கிலாந்தோட தென்மேற்கு முனை) நின்னு பாக்குற அலை கார்ன்வால்ல பொறந்தது இல்ல. அட்லாண்டிக் நடுவுல, கிரீன்லாந்து நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஒரு புயல் சுத்திட்டு இருக்கும், அங்க காத்து எவ்ளோ வேகமா அடிச்சுது, எத்தன மணி நேரம் விடாம அடிச்சுது, எவ்ளோ தூரம் கடல்மேல தடையில்லாம அடிச்சுது, இந்த மூணும் சேந்துதான் அலையோட சைஸ முடிவு பண்ணும். அது அங்கருந்து கெளம்பி ரெண்டு மூணு நாள் பயணம் பண்ணி வரும். 14 செகண்ட் பீரியட் உள்ள ஸ்வெல் ஒரு நாளைக்கு 900 கிலோமீட்டர் சொச்சம் நகரும், அதனால செவ்வாக்கிழமை நடுக்கடல்ல அடிச்ச புயலுக்கு வெள்ளிக்கிழமை கார்ன்வால்ல இருக்குற நியூகீல அலை வரும். இங்க வானம் தெளிவா, ஒரு இலை கூட அசையாம இருக்கும், கடல் மட்டும் திமுதிமுன்னு வரும். முதல் தடவ பாக்குறவங்களுக்கு இது புரியவே புரியாது.

பீரியட்னு சொன்னேனே, ஃபோர்காஸ்ட்ல புதுசா வர்றவங்க கண்டுக்காம விடுற நம்பர் அதுதான். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல எத்தன செகண்ட்ங்கிறதுதான் பீரியட். எல்லாரும் உயரத்த மட்டும் பாப்பாங்க, "1 மீட்டர்தான, குட்டி அலை"ன்னு கெளம்பிருவாங்க. 1 மீட்டர் 6 செகண்ட்னா பக்கத்துல அடிச்ச காத்துல கெளம்புன சின்னச் சின்ன அலை, ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழும், பலம் இருக்காது. அதே 1 மீட்டர் 14 செகண்ட்னா ரெட்டை மடங்குக்கு மேல சக்தி உள்ளது, ஆழத்துல கூட தரைய தொட்டுட்டு வர்ற அலை, ஃபோர்காஸ்ட்ல சொன்னது கடலுக்குள்ள இருக்குற உயரம்தான், கரையில எழும்பி நிக்கும்போது தலைக்கு மேல போயிரும். இன்னொரு சிக்கலும் உண்டு. பீரியட் நீளமா இருந்தா அலை கூட்டங்கூட்டமா வரும், நடுவுல பத்து நிமிஷம் கூட ஒண்ணுமே இல்லாம கடல் ஏரி மாதிரி கெடக்கும். நீங்க "ஐ, அமைதியா இருக்கே"ன்னு உள்ள நடந்து போவீங்க, இடுப்பளவு தண்ணி வந்ததும் அடிவானத்துல ஒரு கருப்புக் கோடு தெரியும். அது அடுத்த கூட்டம். அதனாலதான் எந்த பீச்சுக்குப் போனாலும் வெட்சூட் (குளிர் தாங்குற ரப்பர் டிரெஸ்) போடுறதுக்கு முன்னாடி ஒரு கால் மணி நேரம் மேட்டுல நின்னு சும்மா பாக்கணும்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு என் கணக்கு அரை மீட்டர்லருந்து 1 மீட்டர் வரைக்கும், 8லருந்து 11 செகண்ட். அதுக்கு மேல இருந்தா முழங்கால் தண்ணியில நொரை அலையில மட்டும் ஆடலாம், இல்லன்னா வேற கரைக்கு போலாம்.

ஃபோர்காஸ்ட் எங்க பாக்குறதுன்னு கேட்டா, முன்னாடி எல்லாரும் மேஜிக்சீவீட்தான் பாப்போம், கார்ன்வாலுக்குப் பக்கத்துல உள்ள டெவன்ல பொறந்த சைட், 2023ல அது சர்ஃப்லைனோட சேந்திருச்சு, அதோட அந்த ஸ்டார் ரேட்டிங்கும் போச்சு, இன்னும் அத நெனச்சு பொலம்புற ஆளுங்க இருக்காங்க. இப்ப சர்ஃப்லைன், விண்ட்குரு, விண்டி எது வேணா பாருங்க, ஆனா ரெண்டு எடத்துல பாருங்க. மூணு நாளைக்கு மேல உள்ள ஃபோர்காஸ்ட நம்பி லீவு போடாதீங்க. கெளம்புற அன்னைக்கு காலையில நான் பாக்குறது மிதவைதான். லாண்ட்ஸ் எண்டுக்கும் சில்லி தீவுகளுக்கும் நடுவுல செவன்ஸ்டோன்ஸ்னு ஒரு லைட்ஷிப் நிக்குது (1967ல டாரி கேன்யன் எண்ணெய்க் கப்பல் மோதுன அதே பாறைங்க பக்கம்), பெரன்போர்த் பக்கம் ஒரு மிதவை இருக்கு. இதுங்க இப்ப கடல்ல என்ன நடக்குதுன்னு அளந்து சொல்லும், ஜோசியம் கெடையாது.

அடுத்து காத்து. என் அனுபவத்துல அலைய விட காத்துதான் நாள கெடுக்கும். நம்ம ஊர்ல வாடைக்காத்துன்னா வடக்குலருந்து வர்றது, கொண்டல்னா கிழக்குலருந்து வர்றது, அதே மாதிரிதான் இங்கயும், சவுத்வெஸ்ட் காத்துன்னா சவுத்வெஸ்ட்லருந்து வர்றது, சவுத்வெஸ்ட்டுக்குப் போறது இல்ல. கரையிலருந்து கடல பாத்து அடிச்சா ஆஃப்ஷோர். அது வர்ற அலையோட முகத்த தாங்கிப் பிடிச்சு நேரா நிக்க வெக்கும், தண்ணி வழவழன்னு இருக்கும். கடல்லருந்து கரைய பாத்து அடிச்சா ஆன்ஷோர், அலையோட முதுகுல தள்ளி சீக்கிரமே ஒடச்சு விட்டுரும், எல்லாம் கலங்கிப் போயிரும். ஆஃப்ஷோர் நல்லதுன்னு சொன்னதும் மணிக்கு 25 மைல் ஆஃப்ஷோர்ல எறங்கிராதீங்க, ஃபோம் போர்டு பெருசு, லேசு, காத்து அத பட்டம் மாதிரி பிடிச்சு உங்களையும் சேத்து கடலுக்குள்ள கொண்டு போயிரும். 10 மைலுக்குள்ள இருந்தா எந்தப் பக்கம் அடிச்சாலும் ஆரம்பத்துல பரவால்ல, நீங்க ஆடப் போறது நொரையிலதான, வழவழப்பு எதுக்கு.

இங்க அடிக்கடி அடிக்கிறது சவுத்வெஸ்ட் காத்து. கார்ன்வால், வடக்கு டெவன் பீச்சுங்க முக்கால்வாசி வெஸ்ட் பாத்து கெடக்கு. அதாவது அலைய கொண்டு வர்ற அதே தெசையிலருந்துதான் அலைய கெடுக்குற காத்தும் வருது. இதுக்கு என்ன வழின்னா மறைவு தேடுறதுதான். மேப்ப தெறந்து கடற்கரை எங்கெங்க மடங்குதுன்னு பாருங்க. வடக்கு டெவன்ல வூலகோம்ப் பீச்சோட தெக்கு மூலையில பட்ஸ்பரோன்னு ஒரு எடம், பேகி பாயிண்ட் மலைமுனை தெக்குக் காத்துக்கு சுவர் மாதிரி நிக்கும், நாலு மைல் தள்ளி எல்லாம் கலங்கிக் கெடக்கும்போது அங்க மட்டும் ஓரளவு சுத்தமா இருக்கும். நியூகீல ஃபிஸ்ட்ரல் வெஸ்ட் பாத்தது, பேர் போனது, போட்டியெல்லாம் நடக்கும். அதே ஊருக்குள்ள நடந்து போற தூரத்துல டவன், கிரேட் வெஸ்டர்ன் பீச் ரெண்டும் வடக்க பாத்து ஒளிஞ்சிருக்கு. ஃபிஸ்ட்ரல்ல எறங்கவே பயமா இருக்குற நாள்ல இங்க வந்தா அலை பாதி சைஸ்ல, காத்து முதுகுல. பேட்ஸ்டோ பக்கம் ஹார்லின் பேயும் இதே கதைதான். வடக்குக் காத்து அடிச்சா கார்ன்வாலோட தெக்குக் கரைக்கு, ப்ரா சாண்ட்ஸ் மாதிரி எடத்துக்கு, கார எடுத்துட்டுப் போலாம், கொஞ்ச நேர ட்ரைவ்தான். ஆனா மறைவுக்கு ஒரு வெல இருக்கு, காத்து வராத எடத்துக்கு ஸ்வெல்லும் கொறச்சலாத்தான் வரும், அதனால இந்த ஒளிவிடமெல்லாம் வெளிய பெரிய ஸ்வெல் இருக்குற நாளுக்குத்தான்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் கிழக்குக் கரை. கார்ன்வால நாசம் பண்ற அதே சவுத்வெஸ்ட் காத்து டைன்மவுத்லயும் சால்ட்பர்ன்லயும் ஆஃப்ஷோர்! அங்க பிரச்சன வேற, நார்த் சீயில ஸ்வெல் வடக்குலருந்து வரணும், நார்வே பக்கம் புயல் சுத்துனாதான் உண்டு, அதனால வெயில் காலத்துல வாரக்கணக்கா தட்டையா கெடக்கும். ஆனா நியூகாசில்ல இருக்குறவங்க மெட்ரோ ஏறியே டைன்மவுத் போயிரலாம், சால்ட்பர்னுக்கு ட்ரெயின் போகுது, கார் இல்லாத ஸ்டூடண்ட்ஸுக்கு இத விட என்ன வேணும்.

வெயில் நாள்ல இன்னொண்ணு நடக்கும். காலையில காத்தே இருக்காது, பதினொரு மணிக்கு மேல தரை சூடாகி கடல்காத்து உள்ள வர ஆரம்பிக்கும், ஒரு மணிக்கு எல்லாம் ஆன்ஷோர். ஜூலை மாசம் பொறுமையா டிஃபன் சாப்ட்டுட்டு போலாம்னு நெனச்சா அவ்ளோதான்.

இப்ப டைட். சென்னையில கடல் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால நம்மாளுங்களுக்கு இது மண்டையில ஏறவே ஏறாது, எனக்கும் ஏறல. இங்க நியூகீ பக்கம் பெரிய டைட் நாள்ல 6 மீட்டருக்கு மேல, வடக்கு டெவன்ல இன்னும் அதிகம், பிரிஸ்டல் சேனலுக்குள்ள ஏவன்மவுத் பக்கம் போனா 13, 14 மீட்டர் வரைக்கும் போகும், உலகத்துலயே ரொம்பப் பெரிய ஏற்ற இறக்கம் உள்ள எடங்கள்ல அதுவும் ஒண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ எறங்கும், ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமி முடிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல டைட் பெருசா இருக்கும், இத ஸ்பிரிங்னு சொல்வாங்க (வசந்த காலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல), அரை நிலா நாள்ல சின்னதா இருக்கும், அது நீப். தண்ணி ஒரே சீரா ஏறாது, முதல் மணி நேரம் மெதுவா, மூணாவது நாலாவது மணி நேரத்துல மொத்தத்துல கால்வாசி கால்வாசியா ஏறும். 6 மீட்டர்னா மணிக்கு ஒண்ணரை மீட்டர். சப்பையான பீச்சுல அது எவ்ளோ மணல முழுங்கும்னு யோசிச்சுப் பாருங்க. வாட்டர்கேட் பேல லோ டைட்ல ரெண்டு மைல் மணல் இருக்கும், பெரிய ஹை டைட்ல தண்ணி மலையடிவாரத்தையே தொட்டுரும், தூரமா நடந்து போயி பைய வெச்சுட்டு ஆடுனவங்க மாட்டிக்குவாங்க.

சர்ஃபிங்குக்கு ஏன் டைட் முக்கியம்னா, அலை அதோட உயரத்துக்கு கொஞ்சம் அதிகமான ஆழத்துல வந்ததும் ஒடையும், 1 மீட்டர் அலைன்னா சுமார் 1.3 மீட்டர் ஆழம். டைட் மாறுனா அலை ஒடையிற எடத்துக்குக் கீழ இருக்குற தரை மாறும். தரை சாய்வா நீளமா இருந்தா அலை மெதுவா சரியும், திடீர்னு மேடா இருந்தா தொபுக்குன்னு மடங்கி விழும்.

இதுக்கு நான் கொடுத்த விலைய சொல்றேன். க்ராய்ட், வடக்கு டெவன்ல. ஒரு கடையில எடுத்த குட்டி டைட் புத்தகத்துல லோ டைட் 11.10னு போட்டிருந்துச்சு, சரி ஒன்றரைக்கு எறங்குனா ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஏறியிருக்கும், பாதி டைட் கிட்ட வந்துரும்னு கணக்கு போட்டுட்டு போனேன். புத்தகத்துல முதல் பக்கத்துல பொடி எழுத்துல நேரம் எல்லாம் ஜிஎம்டின்னு போட்டிருந்தத பாக்கல. ஜூன் மாசம், கோடைகால நேரம், ஒரு மணி நேரம் கூட்டணும். அதாவது உண்மையான லோ டைட் 12.10, நான் எறங்குனப்ப தண்ணி கொஞ்சம்தான் ஏறியிருந்துச்சு. லோ டைட்ல க்ராய்ட் எப்படி இருக்கும்னு அங்க உள்ளவங்க யார கேட்டாலும் சொல்வாங்க, அலை குழாய் மாதிரி மடங்கி நேரா மணல்ல அடிக்கும், நல்லா ஆடுறவங்க அதுக்காகவே வருவாங்க. நான் முதல் அலையிலயே எழுந்து நிக்கிறதுக்குள்ள போர்டோட மூக்கு மணல்ல குத்தி நின்னுச்சு, நான் அதுக்கு மேல பறந்து போயி தோள்பட்டையில விழுந்தேன். பத்து நாள் கைய தூக்கி தலை சீவ முடியல. இப்ப ஆப்ல எல்லாம் கோடைகால நேரம் அதுவே சேத்து வந்துருது, ஆனா புத்தகத்த பாத்தா முதல் பக்கத்த படிங்க.

அதே ஸ்வெல், அதே நேரம், ரெண்டே மைல் தள்ளி சான்டன் சாண்ட்ஸ். மூணு மைல் நீள மணல், தரை அவ்ளோ சப்பை, அலை சோம்பேறியா சரிஞ்சு நீளமா உருண்டு வரும், புதுசா கத்துக்குறவங்களும் லாங்போர்டு தாத்தாக்களும் பக்கத்து பக்கத்துல ஆடுவாங்க. பேரக் கேட்டு க்ராய்ட் போறவங்க அதிகம், எனக்கு சான்டன்தான். பொதுவா தெரியாத பீச்சுன்னா பாதி டைட், தண்ணி ஏறிட்டு இருக்குற நேரம், இது ஓரளவு எல்லா எடத்துக்கும் ஒத்து வரும்.

மத்த எடங்கள சுருக்கமா சொல்லிர்றேன். கார்ன்வால்ல போல்சீத், பெரன்போர்த், வாட்டர்கேட், ப்யூட் பக்கம் உள்ள பீச்சுங்க எல்லாம் மணல் தரை, சர்ஃப் ஸ்கூல் இருக்கு. வேல்ஸ்ல கவர் தீபகற்பத்துல லாங்கெனித் (கார் நிறுத்திட்டு போர்டோட கொஞ்சம் நடக்கணும்), அங்க பெருசா இருந்தா காஸ்வெல் பே. கார்டிஃப்காரங்களுக்கு போர்த்கால் ரெஸ்ட் பே. பிரைட்டன், போர்ன்மவுத் பக்கம் லண்டன்லருந்து கிட்ட, ஆனா அட்லாண்டிக் ஸ்வெல் இங்கிலீஷ் சேனலுக்குள்ள வர்றதுக்குள்ள இளச்சுப் போயிரும், பலமா சவுத்வெஸ்ட் அடிச்சு ஓய்ஞ்ச அன்னைக்கு மட்டும் ஏதோ இருக்கும். போர்ன்மவுத் பாஸ்கோம்ப்ல 2009ல மணல் மூட்டைங்கள கடலுக்கடியில அடுக்கி 3 மில்லியன் பவுண்டுக்கு செயற்கை ரீஃப் (கடலடித் திட்டு) ஒண்ணு கட்டுனாங்க, நெனச்ச மாதிரி அலை வரல. ஸ்காட்லாந்து தர்ஸோ ஈஸ்ட், கார்ன்வால் போர்த்லெவன், இந்த ரெண்டு எடத்தையும் படத்துல பாத்து ஆசப்படுவீங்க, ரெண்டும் பாறை மேல ஒடையிற அலை, கரையில நின்னு வேடிக்க பாத்தா போதும்.

எந்த மாசம்? என் ஓட்டு செப்டம்பர், அக்டோபர் பாதி வரைக்கும். கடல் மெதுவா சூடாகி மெதுவா ஆறும், கார்ன்வால்ல தண்ணி ஆகஸ்ட் செப்டம்பர்ல 16, 17 டிகிரி, பிப்ரவரி மார்ச்ல 9, 10. ஏப்ரல்ல வெயில பாத்து ஏமாறாதீங்க, மேல 18 டிகிரி இருக்கும், தண்ணி இன்னும் குளிர்காலத்துலதான் இருக்கும். நார்த் சீ இதுக்கும் கீழ. ஜூலை ஆகஸ்ட்ல அலை சின்னது, கூட்டம் பெருசு, பார்க்கிங்குக்கு ஒன்பது மணிக்கே வரிசை. செப்டம்பர்ல ஸ்கூல் தெறந்துரும், அட்லாண்டிக் முழிச்சுக்கும், தண்ணி இன்னும் சூடு. வெட்சூட் கோடையில 3/2, வசந்தத்துலயும் இலையுதிர்லயும் 4/3, குளிர்காலம்னா 5/4 கூட பூட்ஸ், கையுறை, தலைக்கு ஹூட். அந்த நம்பர் மில்லிமீட்டர், உடம்புக்கு ஒண்ணு கை காலுக்கு ஒண்ணு. முதல் வருஷம் குளிர்காலம் வேணாம், எட்டு மணி நேரம்தான் வெளிச்சம், அலையும் பெருசு, லைஃப்கார்டும் இருக்க மாட்டாங்க.

லைஃப்கார்ட் இருக்குற பீச், இருக்குற நேரம். இத மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. ஆர்.என்.எல்.ஐ. (கடல்ல உயிர் காப்பாத்துற தொண்டு நிறுவனம்) ஆளுங்க சீசன்ல பொதுவா காலையில 10லருந்து சாயங்காலம் 6 வரைக்கும் இருப்பாங்க. செகப்பு மஞ்சள் கொடிக்கு நடுவுல குளிக்கிறவங்க, கருப்பு வெள்ள சதுரக் கொடிக்கு நடுவுல நம்ம போர்டுக்காரங்க, முழு செகப்புன்னா யாரும் எறங்கக் கூடாது. அலைக்கு நடுவுல ஒரு எடம் மட்டும் நொரை இல்லாம அமைதியா தெரிஞ்சா அங்க போயிராதீங்க, அது பெரும்பாலும் ரிப், உள்ள வந்த தண்ணி வெளிய போற வழி. மாட்டுனா போர்ட விடாம பிடிச்சுக்கிட்டு கரைக்கு இணையா கையால துடுப்பு போடணும், கைய தூக்கி ஆட்டணும். கரையில இருக்குறவங்க 999 அடிச்சு கோஸ்ட்கார்ட் கேக்கணும்.

பெரிய மழைக்கு அடுத்த நாள் போறதா இருந்தா இன்னொண்ணையும் பாருங்க. இங்க பல ஊர்ல மழைத்தண்ணியும் சாக்கடையும் ஒரே குழாயில போகுது, நெறஞ்சா கடல்ல தெறந்து விட்டுருவாங்க. சர்ஃபர்ஸ் அகெய்ன்ஸ்ட் சூவேஜ்னு 1990ல கார்ன்வால்ல சர்ஃப் பண்றவங்களே ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, அவங்க ஆப்ல எந்த பீச்ல தெறந்து விட்டிருக்காங்கன்னு வரும். அப்புறம் லோ டைட்ல மணலுக்குள்ள வீவர்னு ஒரு குட்டி மீன் பொதஞ்சிருக்கும், மிதிச்சா முள் ஏறும், உயிரே போற மாதிரி வலி. கால் தாங்குற அளவு வெந்நீர்ல அரை மணி நேரம் முக்கி வெச்சா அடங்கும், லைஃப்கார்ட் கிட்ட வெந்நீர் இருக்கும்.

எல்லாத்தையும் சேத்து எப்படி முடிவு பண்றதுன்னு போன செப்டம்பர்ல ஒரு சனிக்கிழமைய வெச்சு சொல்றேன், அந்த ராகு காலம் பையனையும் கூட்டிட்டுப் போனேன். வியாழக்கிழமை ராத்திரி பாத்தப்ப 0.9 மீட்டர், 10 செகண்ட், வெஸ்ட். சரி, சைஸ் நமக்குத்தான். காத்து காலையில சவுத்ஈஸ்ட் 6 மைல், மத்தியானத்துக்கு மேல வெஸ்ட் 12. அப்ப வெஸ்ட் பாத்த எந்த பீச்சும் காலையில ஆஃப்ஷோர், மறைவு தேட வேண்டிய அவசியமில்ல. அரை நிலா, நீப் டைட், லோ ஆறு மணி சொச்சம், ஹை பன்னெண்டரை. பாதி டைட் ஒன்பதரை வாக்குல, ஏறிட்டு இருக்கும். லைஃப்கார்ட் பத்து மணிக்கு. ஆக பத்துலருந்து பன்னெண்டு, எடம் சான்டன். காத்து மட்டும் சவுத்வெஸ்ட் 20னு இருந்திருந்தா பட்ஸ்பரோவ யோசிச்சிருப்பேன், இல்ல போர்வைய இழுத்துப் போத்தியிருப்பேன்.

ஆறு மணிக்கு பிரிஸ்டல்ல கெளம்புனோம். மேட்டு ரோட்டுல வண்டிய நிறுத்தி கால் மணி நேரம் பாத்தோம், பையன் "எறங்கலாமா எறங்கலாமா"ன்னு அனத்திட்டே இருந்தான், ஒரு கூட்டத்துக்கு அஞ்சு அலை, நடுவுல நாலு நிமிஷம், பெருசு கூட நெஞ்சு உயரம்தான். ஃபோர்காஸ்ட் பொய் சொல்லல. அவன் நொரையில ரெண்டு தடவ எழுந்து நின்னான், மூணாவது தடவ கரை வரைக்கும் வந்து மணல்ல எறங்கி நடந்தே போயிட்டான், பின்னாடி பாக்கவே இல்ல. பன்னெண்டே காலுக்கு முகத்துல கடல்காத்து பட்டுச்சு. ஒரு மணிக்கு கார் டிக்கியில உக்காந்து பேஸ்டி சாப்ட்டுட்டு இருந்தப்ப ஒரு வேன்லருந்து நாலு பேர் போர்டோட எறங்கி, கலங்கிப் போன தண்ணிய பாத்து மணல்லயே நின்னாங்க. பையன் மொபைல எடுத்து அடுத்த சனிக்கிழமை டைட் என்னன்னு பாத்துட்டு இருந்தான்.